நிறுவை வராத நாளும் பூச்சியக் கிலோவும்

இலங்கையின் அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் செக்ரோல் (தொழிலாளரின் வரவு, வேலைப் பதிவேடு) விபரங்களை எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து எடுத்து, சம்பளம் கணிக்கும் வேறொரு மென்பொருளுக்கு, தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் வடிவில் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. தரவைக் கேட்கும் கட்டளையான வினவலின் இறுதியில் 'ஃபார் எக்ஸ்எம்எல்' என்று சேர்த்தால் விடை எக்ஸ்எம்எல் ஆகவே வந்துவிடும்; 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி இது. 'ரோ' முறை நிரைக்கு ஒரு குறிச்சொல் தரும். டிவிசனுக்குள் (தோட்டத்தின் பிரிவு) தொழிலாளி, தொழிலாளிக்குள் நாள் என்று அடுக்க வேண்டிய எங்களுக்கு, 2005 பதிப்பில் வந்த 'பாத்' முறையே பொருத்தமாக இருந்தது. உள் வினவல்களில் 'டைப்' என்று குறிப்பிடாவிட்டால் உள்ளிருக்கும் குறிச்சொற்கள் வெறும் எழுத்தாக மாறிவிடும் என்பதைத் தவிர, அதில் பெரிய சிக்கல் இல்லை.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வெற்று மதிப்புத்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம்) வந்து மலைக்குப் போன ஒருவரின் பெயர் பதிவாகியிருக்கும். அவர் பறித்த கொழுந்தின் நிறுவை மட்டும் அலுவலகத்துக்குத் தாமதமாக வரும். தரவுத்தளத்தில் அந்தக் கட்டம் வெற்றாக இருக்கும். 'ஃபார் எக்ஸ்எம்எல்' வெற்றாக உள்ள கட்டத்துக்கு இயல்பாகவே குறிச்சொல் எழுதாது. கிலோ என்ற குறிச்சொல்லையே காணாத சம்பள மென்பொருள் அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டால், முழுப் பேருக்கு (முழு நாள் வேலைக் கணக்கு) உழைத்தவருக்கு அரைப் பேர் விழும். மேலதிகக் கிலோவுக்கான காசும் போய்விடும்.

வெற்று மதிப்புகளை வினவலிலேயே பூச்சியமாக்கிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. நிறுவை வரவில்லை என்பதும் கொழுந்தே பறிக்கவில்லை என்பதும் இருவேறு உண்மைகள். கூலியைத் தீர்மானிக்கும் கோப்பில் அவற்றை ஒன்றாக்க எவருக்கும் உரிமையில்லை. 'எலிமெண்ட்ஸ் எக்ஸ்எஸ்ஐநில்' என்று சேர்த்தபோது, குறிச்சொல் இடம்பெற்று, மதிப்பு இல்லை என்ற செய்தியும் அதிலேயே வந்தது. உள் வினவல் ஒவ்வொன்றிலும் அதைத் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 'குவரி டு எக்ஸ்எம்எல்' செயற்கூறு, வெற்று மதிப்புகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அழைக்கும்போதே சொல்லச் சொல்கிறது. அந்த வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பின்னர், மதிப்பு இல்லை என்று குறிக்கப்பட்ட நாட்களைச் சம்பள மென்பொருள் கணிக்காமல் நிறுத்திவைக்குமாறு மாற்றினார்கள். அந்தப் பட்டியல் மாத இறுதிக் கணக்கு மூடப்படுமுன் டிவிசன் அலுவலகங்களுக்குப் போய், நிறுவைகள் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தது.