அண்ணாச்சியின் ‘வரை’யும் இருபது மதிப்பெண் கேள்வியும்

இதழியல் முதுகலையில் எனக்கு விழுந்த ஒரே அரியர் எந்தத் தாளில் என்று கேட்டால் எங்கள் கடையில் இன்னமும் சிரிப்பார்கள். விளம்பரமும் செய்தியும் பற்றிய பகுப்பாய்வுத் தாள். பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. கடையில் பகலெல்லாம் ஜவுளிக்கடை விளம்பரம், மனை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று வடிவமைத்துவிட்டு, இரவில் தொலைநிலைக் கல்விப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விளம்பரம் செய்து சம்பளம் வாங்குகிறவளுக்கு விளம்பரத் தாளில் அரியர்.

அந்தத் தாளின் கடைசிக் கேள்விக்கு 20 மதிப்பெண். வினாத்தாளோடு ஒரு விளம்பரமும் ஒரு செய்தியும் இணைத்திருப்பார்கள். ‘இவற்றில் உள்ள இணங்கவைக்கும் உத்திகளைப் பகுத்தாய்க’ என்பதுதான் கேள்வி. எனக்குக் கிடைத்தது 6. பொறுக்காமல் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். ஒன்பது உத்திக்கு ஒன்பது தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு, கீழே இரண்டிரண்டு வரி. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ‘இவ்விளம்பரம் மக்களின் உணர்ச்சியைத் தூண்டுகிறது’ என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் திருத்தியவர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: ‘எந்த மக்கள்? எந்த உணர்ச்சி?’

அந்த இரண்டு கேள்விக்கும் என் விடைத்தாளில் எங்கேயும் பதில் இல்லை. அதே வரியைச் சோப்பு விளம்பரத்துக்கும் எழுதலாம், தேர்தல் விளம்பரத்துக்கும் எழுதலாம். எங்கே ஒட்டினாலும் ஒட்டும் வரிக்கு மதிப்பெண் ஒட்டாது.

நான் படித்திருந்ததெல்லாம் பட்டியல்தான். அரிஸ்டாட்டிலின் மூன்று: பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படும் தர்க்கம். அப்புறம் 1937இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனம் வகுத்த ஏழு: பட்டப்பெயர் சூட்டுவது, பளபளக்கும் பொதுச்சொல், ஒன்றின் மதிப்பை இன்னொன்றின் மேல் ஏற்றுவது, பிரபலத்தின் சாட்சி, ‘நானும் உங்களில் ஒருவன்’, சாதகமானதை மட்டும் அடுக்குவது, ‘எல்லாரும் வாங்கிவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி’. இவை தெரிந்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் நோயின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் நாம் என்ன செய்வோம்? என் விடைத்தாள் அப்படித்தான் இருந்தது.

கண் திறந்தது கடையில். ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும். வழக்கமாக வரும் ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ‘ஆடித் தள்ளுபடி 50% வரை’ என்பதுதான் வாசகம். நான் எல்லாவற்றையும் ஒரே அளவில் போட்டிருந்தேன்.

“ஐம்பது நல்லாப் பெருசா நிக்கட்டும் பாப்பா. அந்த ‘வரை’ கண்ணுல குத்த வேண்டாம்.”

‘50%’ஐ 120 பாயிண்டுக்கு ஏற்றினேன், ‘வரை’யை 14க்கு இறக்கினேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். 10. “சரி, இப்ப நல்லாருக்கு.” அன்று இரவு புத்தகத்தைத் திறந்தபோது, அதில் இருந்த எந்தப் பெயரும் அண்ணாச்சி செய்ததை முழுசாகச் சொல்லவில்லை என்று தோன்றியது. நோட்டை எடுத்து என் கையால் செய்ததை அப்படியே எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் செதுக்கியபின் இப்படி வந்தது:

‘விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது 50% என்ற எண். அதைப் படித்தவர் பாதி விலை என்று மனத்தில் முடிவுகட்டிய பிறகுதான் தோளோரம் ஒதுங்கி நிற்கும் “வரை”யைச் சந்திக்கிறார். “வரை” உச்சவரம்பை மட்டுமே சொல்கிறது. 5% தள்ளுபடியும் அதற்குள் அடங்கும். எந்தத் துணிக்கு எத்தனை சதவீதம், தள்ளுபடிக்கு முந்தைய விலை என்ன என்ற விவரம் இல்லை. ஆடியில் கல்யாணம் வைக்காததால் ஜவுளி வியாபாரம் மந்தமாக இருக்கும். கடைக்கு இருக்கும் அந்த நெருக்கடியை விளம்பரம் வாங்குபவரின் நல்வாய்ப்பாக மாற்றிக் காட்டுகிறது. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் வீடு, எப்படியும் பத்துப் பதினைந்து சேலை எடுக்கவேண்டிய வீடு, இதைப் பார்த்து இப்போதே எடுத்துவிடலாம் என்று நினைக்கும். அது பேராசை இல்லை. செலவைக் குறைக்கவேண்டுமே என்ற கவலை.’

பாருங்கள், இதில் உத்தியின் பெயரே வரவில்லை. ஆனால் எந்த மக்கள், எந்த உணர்ச்சி என்ற இரண்டுக்கும் பதில் இருக்கிறது. விளம்பரத்தின் எந்தச் சொல், எந்த இடம் அந்த வேலையைச் செய்கிறது என்பதும் இருக்கிறது. கடைசியில் ‘சாதகமானதை மட்டும் அடுக்கும் உத்தி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெயரைக் கடைசியில் வைத்தால் அது முத்திரை மாதிரி உட்காரும். முதலில் வைத்தால் அதற்கு விளக்கம் எழுதுவதிலேயே நேரம் போய்விடும்.

இந்தப் பழக்கம் வந்தபின் சின்னச் சொற்கள்மேல்தான் என் கண் போகும். ‘₹499 முதல்’ என்பதில் ‘முதல்’. ‘சேதாரம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போடும் நகைக்கடை விளம்பரத்தில் செய்கூலி பற்றிய பேச்சு இருக்கிறதா என்று தேடுவேன். மனை விளம்பரம் என்றால் எனக்குத் தனிப் பிரியம், மாதத்துக்கு நாலாவது செய்கிறேன். ‘புதிய பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம்’ என்று இருக்கும். தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் அளந்து பார்த்துவிடலாம், நிமிடத்தில் சொன்னால் யார் அளப்பது? எந்த வண்டியில், எத்தனை மணிக்குப் போனால் அந்தப் பத்து நிமிடம்? ‘அருகில் கல்லூரி வரவிருக்கிறது’ என்பதில் ‘வரவிருக்கிறது’ வினைமுற்றைப் பாருங்கள். யார் கட்டப்போகிறார்கள், எப்போது என்ற சங்கடம் இல்லாமல் கல்லூரி தானாக நடந்து வருகிறது.

படத்தையும் இப்படியே படிக்கலாம். சிவப்பழகு கிரீம் விளம்பரங்களின் பழைய கதை எல்லாருக்கும் தெரியும்: மாநிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கிரீம் பூசுவாள், நிறம் மாறும், வேலையும் மரியாதையும் தேடி வரும். இங்கே ‘உணர்ச்சியைத் தூண்டுகிறது’ என்று நிறுத்தினால் அரை மதிப்பெண். வேலை கிடைக்காததற்குக் காரணம் நிறம்தான் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை, இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே அந்தத் தர்க்கத்தை நம்மைப் போடவைக்கிறார்கள் என்று எழுதவேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் இதற்கென்றே விதி வகுத்தது. கருமையானவர்களை அழகற்றவர்களாக, மகிழ்ச்சியற்றவர்களாகக் காட்டக் கூடாது என்றது. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. இப்படி ஒரு விவரத்தைப் பகுப்பாய்வின் வாலில் கோத்தால் விடைக்கு எடை கூடும். தலையில் வைத்தால் பொதுக் கட்டுரை ஆகிவிடும்.

கோக்கத் தோதான இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன குழு 1985இல் தொடங்கியது, விளம்பரத் துறையே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வைத்த அமைப்பு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நடித்துப் பரிந்துரைக்கும் பிரபலமும் மாட்டுவார். (சட்டத்திலும் ஒரு ‘வரை’!) 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், விளம்பரம் எந்த மொழியில் உரிமை கொண்டாடுகிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் பொறுப்புத் துறப்பும் (அடியில் வரும் நிபந்தனைக் குறிப்பு) இருக்கவேண்டும் என்கின்றன. தமிழில் பெரிதாக ‘இலவசம்’ என்று போட்டுவிட்டு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் நிபந்தனை போட்ட விளம்பரம் வந்தால், அள்ளிக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவும் வாதம்தான் என்பதற்கு நான் வைத்திருக்கும் உதாரணம் 2024 ஏப்ரல். பதஞ்சலி விளம்பரங்கள் பற்றிய வழக்கில் அந்நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டது. அந்த அறிவிப்பு, வழக்கமாக நீங்கள் கொடுக்கும் விளம்பரத்தின் அளவில் இருந்ததா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மறுநாள் பெரிய அளவில் வந்தது.

விளம்பரத்தைவிடச் செய்திதான் வழுக்கும். விளம்பரம் ‘வாங்கு’ என்கிறது, நாமும் உஷாராக இருக்கிறோம். செய்தி எதையும் கேட்பதில்லை. நம் ஊர்ச் செய்தியில் தினமும் வரும் சாலை மறியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சம்பவத்துக்கு நான் பயிற்சிக்காக எழுதிப் பார்த்த இரண்டு தலைப்புகள்:

‘திடீர் சாலை மறியல்: போக்குவரத்து ஸ்தம்பித்து பயணிகள் அவதி’

‘20 நாளாகக் குடிநீர் இல்லை: காலிக் குடங்களுடன் பெண்கள் மறியல்’

இரண்டிலும் பொய் இல்லை. முதல் தலைப்பில் பாதிக்கப்பட்டவர் பயணி. மறியல் செய்தவர் யார் என்றே இல்லை. ‘திடீர்’ என்ற சொல் அதற்கு முந்தைய 20 நாளை அழித்துவிடுகிறது. இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள், காரணம் முன்னால் வந்துவிட்டது, பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர் காணாமல் போனார். இங்கேதான் நான் முதலில் தடுக்கி விழுந்தேன். இரண்டாவது தலைப்பு என் மனசுக்குப் பிடித்ததால் அதில் உத்தியே இல்லை என்று நினைத்தேன். நேர்முக வகுப்பில் பேராசிரியர் கேட்டார்: “அந்த 20 நாளை யாரும்மா எண்ணினாங்க?” பெண்கள் சொன்னது, நிருபர் குடிநீர் வாரியத்தில் கேட்டாரா என்பது தலைப்பில் தெரியாது. நமக்குப் பிடித்த பக்கம் செய்யும் உத்தியையும் எழுதினால்தான் அது பகுப்பாய்வு, இல்லாவிட்டால் வக்காலத்து.

செய்தியின் கடைசி வரியை மறக்காமல் படியுங்கள். ‘போலீசார் பேச்சுவார்த்தை நடத்தியதைத் தொடர்ந்து அவர்கள் கலைந்து சென்றனர். இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு நிலவியது.’ எத்தனை ஆயிரம் முறை படித்திருப்போம்! தண்ணீர் வந்ததா? செய்தியைப் பொறுத்தவரை பிரச்சினை சாலையில் இருந்தது, சாலை காலியானதும் தீர்ந்தது. தேர்வில் இந்த ஒரு கவனிப்பு, ஏழு உத்திப் பெயர்களைவிட அதிகம் பேசும்.

தமிழுக்கே உரிய இடங்களும் உண்டு. யார் பேசியதற்கு எந்த வினை போடுகிறார்கள்? ஒருவர் ‘விளக்கம் அளித்தார்’, இன்னொருவர் அதே பதிலுக்கு ‘மழுப்பினார்’. ஒருவர் ‘குற்றம்சாட்டினார்’, ஒருவர் ‘அம்பலப்படுத்தினார்’. இரண்டாவது சொல்லைப் போட்டதுமே அவர் சொன்னது உண்மை என்று நாளிதழே சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. கைதானவர் ‘பிரமுகரா’, ‘வாலிபரா’, ‘ஆசாமியா’? ‘தடியடி நடத்தப்பட்டது’ என்றால் நடத்தியது யார்? செயப்பாட்டு வினை ஆளை மறைக்க நல்ல திரை. தலைப்பின் முடிவில் வரும் கேள்விக்குறி, ‘எனக் கூறப்படுகிறது’, ‘-ஆம்’ இவையெல்லாம் சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்று தப்பிக்கும் வாசல்கள்.

செய்தி மாதிரியே அச்சாகும் விளம்பரம் கேள்வியாக வந்தால், மூலையில் ‘விளம்பரம்’ என்ற சிறு சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காசு வாங்கிப் போடும் செய்தி பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010இல் அறிக்கை தந்திருக்கிறது என்பதையும் அங்கே ஒரு வரி சேர்க்கலாம்.

நேரம்: மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் இந்தக் கேள்விக்கு 36 நிமிடம். பத்து நிமிடம் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றே மூன்று இடம் பிடித்தால் போதும், ஒன்பது வேண்டாம். வீட்டில் பயிற்சிக்கு நான் செய்தது, டீக்கடையில் கிடக்கும் நாளிதழில் தினம் ஒரு விளம்பரம், ஒரு செய்தி. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது. ‘அவதி’யை எடுத்துவிட்டுத் ‘தாமதம்’ என்று போட்டால் என்ன குறைகிறது? குறைந்ததுதான் அந்தச் சொல் செய்த வேலை. அதையே எழுதுங்கள்.

அரியர் எழுதப் போனபோது வந்தது மனை விளம்பரம். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். 20க்கு 14. மீதி 6 எங்கே போயிற்று என்று பார்க்க நகலுக்குப் பணம் கட்டவில்லை.

அடுத்த ஆடிக்கு அண்ணாச்சி வந்தார். அதே வாசகம். நான் ‘வரை’யை 36 பாயிண்டில் வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன், 2022 விதியையும் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார். “பாஸாயிட்டியா பாப்பா?” என்றார். ஆமாம் என்றேன். “ரொம்ப சந்தோஷம். இப்ப அதைப் பழையபடி கொறச்சிரு.”