கடன் இல்லாத ஞாயிறுகள்

கத்தோலிக்கக் கிறிஸ்தவனாக ஞானஸ்நானம் பெறுவது என்று முடிவெடுத்தபோது எனக்கிருந்த பெரிய கவலை, என்னுடைய வார லீவு செவ்வாய்க்கிழமை என்பதுதான்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறுதான் எங்களுக்குக் கல்லா நிறையும் நாள். அன்று லீவு என்று வாயெடுக்கவே முடியாது. ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் சாவான பாவம், அதாவது பெரும் பாவம் என்று நண்பன் வேறு சொல்லியிருந்தான். கோயிலில் ஞானஸ்நான ஆயத்தத்துக்குப் பெயர் கொடுத்த ஒரே மாதத்தில் இரண்டு ஞாயிறு விட்டுப்போயிற்று. பயந்துபோய்ப் பங்குத்தந்தையிடம், பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று நின்றேன்.

சிரித்தார். "உங்களுக்கு அதை இப்போது நான் கொடுக்கவே முடியாது. ஞானஸ்நானம்தான் வாசல். பாவசங்கீர்த்தனம், நற்கருணை மாதிரி மற்ற அருட்சாதனம் எல்லாம் வாசலுக்கு உள்ளே." திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 11-ஆம் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். திருச்சபை வகுத்த சட்டங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களையும்தான் கட்டுப்படுத்தும். ஞாயிறு பூசை, ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற ஒருசந்தி, இறைச்சி தொடாத சுத்தபோசனம், வருஷத்துக்கு ஒரு பாவசங்கீர்த்தனம், எதுவும் ஆயத்தத்தில் இருப்பவனுக்குக் கடமை இல்லை. "திருடாதே, பொய் சொல்லாதே என்பது மட்டும் எல்லோருக்கும் உண்டு. கணக்குப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு வாரம். கட்டாயம் போக வேண்டிய பெருவிழாக்களைக் கத்தோலிக்கர் கடன் திருநாள் என்பார்கள். கணக்கு எழுதுபவனுக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்கும். கடனே இல்லாதவனுக்குப் பேரேட்டில் பக்கமும் கிடையாதே! இதைச் சொன்னதும் ஃபாதர், "பக்கம் போட்டாயிற்று. ஆயத்தத்தில் சேரும் சடங்கிலேயே நீங்கள் எங்கள் ஆள். நடுவில் செத்துப்போனாலும் கிறிஸ்தவனாகவே அடக்கம் செய்வோம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பாடம் எடுத்த உபதேசியார் கொஞ்சம் கறார். "கடமை இல்லை என்றால் வர வேண்டாம் என்று அர்த்தமா தம்பி? நீச்சல் படிக்கிறவன் தண்ணீர்ப் பக்கம் வராமல் படிப்பானா?" என்று கேட்டுவிட்டு வழியையும் சொன்னார்: காலை ஐந்தரைப் பூசை. அது முடியாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலப் பூசை, அதுவும் ஞாயிறுக் கடனுக்குச் சேரும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஐந்தரைப் பூசையில் கஷ்டமான இடம் நற்கருணை அப்பம் வாங்கும் நேரம். வரிசை முழுக்க எழுந்து போகும். நான் மட்டும் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் பாட்டி, ஏதோ பெரிய பாவத்தோடு வந்திருக்கிறான் போல என்று வாராவாரம் என்னை இரக்கமாகப் பார்ப்பார்.

ஐப்பசியில் அப்பாவின் திதி வந்தது. நான் தலைமகன். எள்ளும் தண்ணீரும் இறைக்க மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஃபாதரிடம் போனேன். உயிரோடிருக்கும் யாருக்காகவும், இறந்த யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம், அவர் கிறிஸ்தவராக இருந்திருக்க வேண்டியதில்லை என்றார். முருகன் பெயர் வைத்த என் அப்பாவைப் பீடத்தில் பெயர் சொல்லி வாசித்தார்கள். அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி வீட்டில் திதியைத் தனியாகக் கொடுத்துக்கொண்டான். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஆரம்பிக்கும் புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்குப் போனேன். "அங்கேயும் திருநீறுதானா?" என்று கேட்டு அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாக நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்தேன். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடி வேறு. பத்தாம் நாள் கம்ப்யூட்டர் முன்னால் தலை சுற்றிவிட்டது. ஒருசந்தி கட்டாயமாவது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான், அதுவும் பதினெட்டு முதல் ஐம்பத்தொன்பது வயது உள்ளவர்களுக்குத்தான் என்று உபதேசியார் திட்டினார். தவக்காலம் முழுக்கக் கறி, மீன் தொடாமல் இருப்பது நம் ஊர் வழக்கம், சட்டம் இல்லையாம்.

எங்கள் குழுவில் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்த ஒரு அக்கா இருந்தார். அங்கே பெற்றதே செல்லும் என்பதால் அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. பாவசங்கீர்த்தனம் செய்து, விசுவாச அறிக்கை சொன்னார். எனக்கு நேர்மாறு. ஞானஸ்நானமே எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும் என்பதால் முன்னால் பாவசங்கீர்த்தனம் இல்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

பெயர் தேவசகாயம் என்று கேட்டேன். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளையின் பெயர். 2022-ல் புனிதரானார். இலாசர் என்பதன் தமிழ்தான் தேவசகாயம் என்பது, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு செத்துப்போன இலாசரை இயேசு எழுப்பும் வாசகம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், முதல் நற்கருணை மூன்றும் ஒன்றாக நடந்தன. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தானா இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தே?" என்றார்.

கடன் இல்லாத மாதங்களில் அலாரம் அடிக்கும் முன்பே முழிப்பு வந்துவிடும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, நிஜமான முதல் கடன். நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அப்படி ஒரு தூக்கம்! அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் படுத்துக் கிடந்தேன். அப்புறம் எழுந்து போனேன்.