தடைக்கால நாட்குறிப்பு: மணல் பையும் மடிப்பும்

ஏப்ரல் 15
மீன்பிடித் தடை, இன்றிலிருந்து 61 நாள் விசைப்படகுகள் கரையில். நாள் எண்ண வசதி. உடம்பு இளைத்துவிட்டது, தோல் மட்டும் மடிப்பாகத் தொங்குகிறது. எடை 72.4. தொப்புள் மட்டத்தில் 91 செ.மீ., மடிப்பைத் தூக்கிப் பிடித்து அளந்தால் 86. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பொய்க்கணக்கு.

ஏப்ரல் 16
தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே நுள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். துவைத்த வேட்டி மடிப்பு மாதிரி மெலிதாக வந்தால் வெறும் தோல். கெட்டியாக உருண்டு வந்தால் கொழுப்பு பாக்கி. புஜத்தடியில் வெறும் தோல். அடிவயிற்றில் இரண்டும் கலந்து கிடக்கிறது. கொழுப்பு பாக்கி உள்ள இடம் இன்னும் குறையும். வெறும் தோலுக்குப் பயிற்சியால் ஒன்றும் ஆகாது. தோலைச் சுருங்கவைப்பது எலாஸ்டின் நார். வருஷக்கணக்கில் இழுபட்டுக் கிடந்தபின் அது பழைய ஜட்டி எலாஸ்டிக்தான். அடியில் தசை ஏறினால் அதன்மேல் தோல் கொஞ்சம் படியும், அவ்வளவுதான் கிடைக்கும். காலிச் சாக்கு தொங்கும், அரைச் சாக்கு நிற்கும்.

ஏப்ரல் 18
சிமெண்டு சாக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. காய்ந்த மணல் 10 லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ, ஆக 16. வாயை வலைக்கயிற்றால் கட்டியாயிற்று. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வள்ளத்துப் பலகையில் உட்கார்ந்து எழ வேண்டும். இறங்கும்போது மூன்று எண்ண வேண்டும். பொத்தென்று உட்கார்ந்தால் பாதி வேலை போச்சு. 10 தடவை, மூன்று சுற்று, நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. கடைசி இரண்டு தடவையில் மூச்சு முட்டாவிட்டால் பை இலேசு என்று அர்த்தம். 12 சுலபமாக வந்தால் அரை லிட்டர் மணல் கூட்டலாம். ஒரேயடியாக இரண்டு லிட்டர் கூட்டினால் முழங்கால் பேசும்.

ஏப்ரல் 19
ஓய்வு. அதே தசைக்கு 48 மணி நேரம் விட வேண்டும்.

ஏப்ரல் 22
இரவு அலைத் துமி பட்டு பை நனைந்துவிட்டது. தூக்கும்போதே தெரிந்தது. மணலின் இடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்தால் 16 கிலோ 19, 20 ஆகிவிடும். இன்றைய கணக்கு செல்லாது. பை இனி திண்ணையில்.

ஏப்ரல் 25
தொங்கும் தோலை வெட்டியெடுக்க மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வரவில்லை.

ஏப்ரல் 27
புரதம். உடம்பு எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் என்றால் நாளைக்கு 108 கிராம். தடைக்காலம், மீன் விலை ஏறிக் கிடக்கிறது. நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் சூடைதான் கட்டுப்படியாகும்: சதை மட்டும் 150 கிராம், அதில் புரதம் 30. முட்டை மூன்று, 18. பாசிப்பயறு காய்ந்த எடையில் 100 கிராம், 24. வேர்க்கடலை 50 கிராம், 12. பொட்டுக்கடலை 50 கிராம், 10. தயிர் ஒரு கிண்ணம், 7. மொத்தம் 101. மிச்சம் சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். கருவாட்டிலும் புரதம் உண்டு, ஆனால் உப்பு. நேற்று கருவாட்டுக் குழம்பு, இன்று காலை எடை 73.2. அது தசை இல்லை, தண்ணீர்.

மே 2
டீக்கடையில் ஒரு தம்பி: “என்னண்ணே, சுகரா? பாதியாயிட்டீங்க.” பதில் இல்லை. கைலியை இறுக்கிக் கட்டினால் மடிப்பு மேலே பிதுங்குகிறது, கீழே கட்டினால் அடியில் வியர்க்கிறது.

மே 4
மடிப்படியில் சிவப்பு. ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள், வாடை. பூஞ்சை. உப்புத்தண்ணீரில் நடந்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டதன் பலன். மருந்துக்கடையில் முதலில் எடுத்து நீட்டியது ஸ்டீராய்டு கலந்த ட்யூப். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலிந்து போகும். ஏற்கெனவே தொங்குகிற தோலுக்கு இதைவிடக் கேடு என்ன இருக்கிறது? பூஞ்சைக்கான தனி குளோட்ரிமசோல் 1%, காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, இரண்டு வாரம். சிவப்பு மறைந்தவுடன் நிறுத்தக் கூடாது. ஒற்றித் துடைத்து, மின்விசிறி முன்னால் மடிப்பைத் தூக்கிப் பிடித்துக் காயவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். வாசனைப் பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து கட்டியாகும். திரும்பத் திரும்ப வந்தால் சுகர் பார்க்க வேண்டும். தம்பி கேட்டதில் பாதி நியாயம்.

மே 5
இன்னும் சிவப்பு.

மே 9
கை. 5 லிட்டர் எண்ணெய்க் கேனில் மணல், 8 கிலோ. ஒரு கையைப் பலகையில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையால் இடுப்பு வரை இழுக்க வேண்டும். பிறகு வள்ளத்து விளிம்பில் கையூன்றித் தண்டால். விளிம்பு தாழத் தாழக் கடினம். புஜத்தில் தொங்குவதற்கு நேர் உள்ளே இருப்பது முத்தலைத் தசை. அதற்கு 2 லிட்டர் பாட்டில் மணலைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்ற வேண்டும். முழங்கை வெளியே விரிந்தால் தோள்தான் வலிக்கும்.

மே 13
கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தென்கடல் கொந்தளிப்பு. அரியமான் பக்கம் வடகடல் குளம் மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் 25 நிமிஷம் நடை. உடம்பின் பாரம் பாதியாகிறது, மடிப்பு குலுங்குவதில்லை, தொடை உராய்வதில்லை. ஆனால் தண்ணீரில் பாரம் குறைவு, தசைக்கு அது போதாது. ஏழு மணிக்குள் கரையேற வேண்டும். தோலைத் தாங்கும் கொலாஜனை வெயில் தின்னும்.

மே 18
சிவப்பு போய்விட்டது. ட்யூபை இன்னும் நான்கு நாள்.

மே 20
வயிற்றில் பாலிதீன் சுற்றிக்கொண்டு ஓடச் சொல்கிறது ஒரு வீடியோ. போவது வியர்வை. ஒரு செம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிடும். இறுக்கும் கிரீம் என்று இன்னொன்று. மேல்தோலோடு நின்றுபோவதற்கு அந்த விலையா?

மே 26
மதுரைக்குப் பேசியாயிற்று. ஆறு மாதம் எடை நிலையாக நின்ற பதிவு கேட்கிறார்கள். இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை வெட்டு. தழும்பு ஆயுசுக்கும். வெட்டுக்குள் ஊறும் நீர் இறங்கக் குழாய் சில நாள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. பீடி, வெற்றிலைப் புகையிலை நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்: நிகோட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கும், தையல் ஓரம் கருகும். ஆறு வாரம் பை சும்மா கிடந்தால் ஏற்றிய தசையில் எவ்வளவு நிற்கும்? கொஞ்சம் கரையும், திரும்ப ஏற்றுவது முதல்முறையைவிட வேகம். இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ராத்திரி அதே கணக்கு.

மே 27
அதே கணக்கு.

ஜூன் 8
எடை 73.1. தொப்புளில் 90.5, தூக்கிப் பிடித்தால் 85. புஜம் 27 இருந்தது 28. கையை நீட்டினால் இன்னும் ஆடுகிறது. மடக்கினால் ஆட்டம் குறைவு. அடிவயிறு அப்படியே. பை 19 கிலோ, காய்ந்த மணல்தான்.

ஜூன் 14
நாளைக்கு விசைப்படகு கடலில் இறங்கும், ஐஸ் ஏற்றுகிறார்கள். சாக்கின் அடித்தையல் விட்டுவிட்டது, திண்ணையெல்லாம் மணல்.