ஏ.எஃப்.ஐ.எச். படித்து ஆலை மருத்துவரான அனுபவம்

எம்.பி.பி.எஸ். முடித்துச் சில ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்த பின் தொழில்சார் சுகாதாரத்தின் பக்கம் திரும்பினேன். அபாயகரமான செய்முறைகள் நடக்கும் ஆலைகளில் மருத்துவ அதிகாரியாகச் சேர ஏ.எஃப்.ஐ.எச். (அசோசியேட் ஃபெலோ ஆஃப் இண்டஸ்ட்ரியல் ஹெல்த்) என்ற தொழில்சார் சுகாதாரச் சான்றிதழ் கேட்கப்படுவதால், மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சென்னை தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் மூன்று மாத முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தேன். விண்ணப்பிப்பதில் சிரமம் இல்லை. அதுவரை கிளினிக்கை யார் பார்ப்பது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

நச்சியல், புள்ளியியல் போன்ற பாடங்களைப் படித்துக் கடந்துவிடலாம். கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது, சிலிக்கோசிஸ் போன்ற தூசு நோய்களுக்கான எக்ஸ்ரேக்களை வாசிப்பதற்குத்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நுரையீரலில் புள்ளிகளின் அடர்த்தியைப் பன்னிரண்டு படிகளில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். 1/0 என்று எழுதினால், முதல் வகை என்று முடிவு செய்தாலும் எதுவுமே இல்லையோ என்றும் தீவிரமாக யோசித்தேன் என்று பொருள். மருத்துவர் தம் தயக்கத்தையும் பதிவு செய்ய இடம் தரும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரு வார்ப்பாலைக்கு அழைத்துச் சென்றார்கள். ஃபெட்லிங் பிரிவில் வார்ப்பின் பிசிறுகளை அரைத்தெடுக்கும் தொழிலாளியின் இடுப்புப் பட்டையில் சிறிய பம்ப்பையும், சட்டைக் காலரில், பெருந்தூசியைப் பிரித்துவிட்டு நுண்தூசியை மட்டும் வடிதாளில் சேர்க்கும் சைக்ளோன் என்ற சிறு கருவியையும் மாட்டி, நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று இழுக்கும்படி அளவைச் சரிபார்த்தோம். அவர் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தார். கண்ணுக்குத் தெரியும் தூசியை அது ஓரளவு தடுக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்தூசியோ அதன் இழைகளுக்கிடையே தாராளமாகப் புகுந்துவிடும்.

சட்டப் பாடத்தை வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினேன். பின்னாளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுவே. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41சி பிரிவு, அபாயகரமான செய்முறையில் ஈடுபடுவோரை வேலைக்கு அமர்த்துமுன்னும், பின்னர் பன்னிரண்டு மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும் பரிசோதிக்கச் சொன்னது. 89-ஆம் பிரிவின்படி, மூன்றாம் அட்டவணையிலுள்ள 29 நோய்களில் ஒன்று ஒருவருக்கு இருப்பதாகக் கருதினால், சிகிச்சையளிக்கும் மருத்துவரே தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருந்தது. அந்தத் தொகைக்கு அஞ்சி யாரும் எழுதியிருக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதால், இப்போது படிக்க வருபவர்கள் அதைத்தான் வாசிக்க வேண்டும்.

தேர்வுக்குப் பின் சென்ற நேர்காணல்களில் மருத்துவக் கேள்விகள் குறைவு. ஒரு நிறுவனத்தில், "ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டார்கள். செவித்திறன் வரைபடத்தில் அப்படிப் பள்ளம் விழுவது, இரைச்சலால் காது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதன் அடையாளம். தொழிலாளியிடம் சொல்லிவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி, அந்தத் தொழிலாளி வேலை செய்யும் இடத்தின் இரைச்சலை அளக்கச் சொல்வேன் என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஆலையில் கிட்டத்தட்ட இதே பதிலுக்குப் பணி நியமனம் தந்தார்கள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளம் மருத்துவர்கள், சம்பளம் பேசுவதற்கு முன், பரிசோதனைப் பதிவேடுகள் யார் பொறுப்பில் இருக்கும், அவற்றைத் தொழிலாளி பார்க்க முடியுமா என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.