குப்பாவின் உச்சியில் ஒரு தோணி

கெய்ரோவில் மற்றவர்கள் பிரமிடுக்குக் கிளம்ப, நானும் மனைவியும் இஸ்லாமியச் சட்ட மேதை ஷாஃபிஈ இமாமின் அடக்கத்தலத்தை ஜியாரத் (தரிசனம்) செய்யப் போனோம். நாங்கள் காயல்பட்டினம். அவர்களின் மத்ஹபைப் (சட்ட வழியைப்) பின்பற்றி, சுபுஹுத் தொழுகையில் குனூத் என்ற துஆவை ஓதிப் பழகிய ஊர். வேறெங்கே முதலில் போவோம்?

இமாம் அடங்கியிருக்கும் கராஃபா மையவாடிக்குள்ளேயே (அடக்கத்தலத்துக்குள்ளேயே) வீடுகளும் டீக்கடைகளும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டியதும் இமாமின் குப்பா (குவிமாடம்) தெரிந்தது. உச்சியில், எங்கள் ஊர்த் தோணி மாதிரியே உலோகத்தில் ஒன்று! பறவைகளுக்குத் தானியம் போட வைத்தது என்கிறார்கள். இமாமின் கல்விக் கடலைக் குறிக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து, வாப்பா இல்லாமல், மக்காவில் ஏழை உம்மாவிடம் வளர்ந்தவர்கள் இமாம். தாள் வாங்க வழியில்லாமல் எலும்பில் எழுதிப் படித்தார்களாம். மதீனாவில் மாலிக் இமாமிடம் ஓதி, பக்தாதில் பேர் வாங்கி, எகிப்துக்கு வந்தபின் தம் பழைய தீர்ப்புகள் பலவற்றைத் தாமே மாற்றினார்கள். பேர் வாங்கிய பிறகு அப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 204இல், அதாவது கி.பி. 820இல், இங்கேயே வஃபாத்.

குப்பா 1211இல் சுல்தான் காமில் கட்டியது. நீண்ட பராமரிப்புக்குப் பின் 2021இல் மறுபடி திறந்தார்கள். கபுருக்கு (சமாதிக்கு) மேலே இருக்கும் தேக்குப் பெட்டகம் அதைவிடப் பழையது, சுல்தான் ஸலாஹுத்தீன் 1178இல் செய்வித்தது. பூவேலையும் எழுத்தும் அவ்வளவு நுணுக்கம். கிட்டே போய்ப் பார்த்தால், ஓரமாக நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு.

எகிப்தியர்கள் இமாமுக்குத் தபாலிலேயே கடிதம் போடுவார்கள். திருட்டு, குடும்பச் சண்டை, அநியாயம் என்று நீதிபதியிடம் முறையிடுகிற மாதிரி. ஸெய்யித் உவைஸ் என்ற சமூகவியல் அறிஞர் அவற்றைத் திரட்டி ஒரு நூலே எழுதினார். மறைந்தவர்களிடம் அப்படிக் கேட்கலாமா என்ற விவாதம் நம்மூரிலும் உண்டு. இங்கே அது வேண்டாம்.

ஃபாத்திஹா ஓதி முடித்ததும் போனை எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மச்சான், சூரியன் மறையும் படத்தின் மேல் 'இமாம் ஷாஃபிஈ சொன்னார்கள்' என்று ஏதோ போட்டிருந்தார். எந்தக் கிதாபு என்று இல்லை. ஆதாரம் இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதே என்று 'ரிஸாலா' என்ற சட்டவியல் நூலை எழுதியவர்களுக்கு இந்தக் கதி!

சரி, அதற்குக் கீழே பார்த்தால் வரிசையாக, "எங்க ஸலாமையும் சொல்லிருங்க." ஒவ்வொரு பெயராக மெல்ல வாசிக்க ஆரம்பித்தேன். நான்காவது பெயர் என் மாமியுடையது. அப்போதுதான் காவலாளி, நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினார். மீதிப் பெயர்களை வேகமாகச் சொல்லி முடித்தேன்.