டிவி படம் நல்லா தெரியணும்னா முதல்ல சிலதை ஆஃப் பண்ணுங்க

புது டிவியை மாட்டின முதல் ராத்திரியே எனக்கு என்னமோ உறுத்துச்சு. படம் பளிச்சுனு இருக்கு, கலர் அள்ளுது, ஆனா ஆளுங்க முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி, புல்லைப் பாத்தா இப்பதான் பெயிண்ட் அடிச்ச மாதிரி. பேனல்தான் மட்டமா வந்துடுச்சோன்னு ரெண்டு நாள் மனசே சரியில்ல. அப்புறம் மெனுக்குள்ள போய் ஒண்ணொண்ணா நோண்டிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, பேனல் நல்ல பேனல்தான், டிவி வரும்போதே ஆன்ல இருந்த செட்டிங்தான் படத்தைக் கெடுத்துட்டு இருந்துச்சு.

நிறைய டிவி பெட்டியைப் பிரிக்கும்போது விவிட், ஸ்டாண்டர்ட் இந்த மாதிரி ஒரு மோட்லதான் இருக்கும். விவிட்ங்கறது கடைக்குன்னே இருக்கற மோட்னு வச்சுக்கலாம். கடையில மேல அவ்ளோ லைட்டு எரியும், வரிசையா இத்தனை டிவி ஓடும், அதுல எது ரொம்ப வெளிச்சமா, வெள்ளையில கொஞ்சம் நீலம் கலந்து இருக்கோ அங்கதான் கண்ணு போகும். வீட்டு ஹால்ல அது தேவையே இல்ல. அதனால முதல் வேலை, பிக்சர் மோடை சினிமா இல்லன்னா மூவின்னு இருக்கறதுக்கு மாத்துங்க. கொஞ்சம் புது டிவியா இருந்தா ஃபிலிம்மேக்கர் மோடுன்னே இருக்கும், யுஎச்டி அலையன்ஸ்னு டிவி கம்பெனிகளும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த அமைப்பு 2019ல அறிவிச்சது, படத்தை வழவழன்னு ஆக்கற மோஷன் ஸ்மூதிங் மாதிரி தேவையில்லாத வேலை எல்லாத்தையும் ஒரே அடியா நிறுத்திடும். என் டிவியில அது இருந்துச்சு, எங்கயோ நாலாவது பக்கத்துல ஒளிஞ்சிருந்துச்சு.

மாத்தின உடனே ஒண்ணு நடக்கும், படம் மஞ்சளா தெரியும். எங்கப்பா ரிமோட்டைப் புடுங்காத குறைதான், "என்னடா பண்ணி வச்ச, எல்லாம் காமாலை வந்த மாதிரி இருக்கு"ன்னாரு. நான் சொன்னேன், ஒரே ஒரு வாரம் தொடாதீங்கப்பான்னு. படத்துக்கு கலர் பாத்து முடிவு பண்றவங்க மானிட்டர்ல வெள்ளைங்கறது டி65, அதாவது சுமார் 6500 கெல்வின், பகல் வெளிச்சத்து வெள்ளை. மெனுவுல கலர் டெம்பரேச்சர்ல வார்ம்னு போட்டிருக்கறதுதான் பெரும்பாலும் அதுக்குக் கிட்ட வரும், கூல்னு இருக்கறது அதைவிட நல்லாவே நீலம். நாம வருஷக்கணக்கா நீலத்தையே வெள்ளைன்னு பாத்துப் பழகிட்டோம், அதான் மஞ்சளா தோணுது. எட்டாவது நாள் அப்பாவை உக்கார வச்சு பழைய மோடுக்கு மாத்திக் காமிச்சேன், "என்னடா இது, எல்லாரும் நீலமா இருக்காங்க, பழையபடி வை"ன்னாரு. எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அடுத்தது இந்த மோஷன் ஸ்மூதிங். சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம்ல எடுக்கறது, டிவி பேனல் 60 இல்லன்னா 120 தடவை புதுப்பிக்குது, நடுவுல இருக்கற இடைவெளிக்கு டிவியே ஃபிரேம் கற்பனை பண்ணி நுழைக்குது. அதான் பெரிய படம்கூட சீரியல் மாதிரி வழவழன்னு ஓடுது. சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ் இல்லன்னா பிக்சர் கிளாரிட்டி, எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ, பேருதான் வேற. படம் பாக்கும்போது ஆஃப் பண்ணிடுங்க. மேட்ச் பாக்க அது பிடிச்சிருந்தா அதுக்கு மட்டும் வச்சுக்கலாம், அது அவங்கவங்க இஷ்டம், சினிமாவுக்கு வேண்டவே வேண்டாம்.

ஷார்ப்னெஸ் பத்தி கொஞ்சம் பொறுமையா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் அதை ஏத்தினா படம் தெளிவாகும்னு நம்பறாங்க. ஒரு வயசான அம்மா முகம் குளோசப்ல இருந்த இடத்துல பாஸ் பண்ணிட்டு திரைக்குக் கிட்ட போய் நின்னு பாத்தேன். நரைமுடி ஒவ்வொண்ணையும் ஒட்டி வெளிப்பக்கமா மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, காது ஓரத்துலயும் அதே கோடு. அது படத்துலயே இல்லாத கோடு, டிவி வரைஞ்சது. ஷார்ப்னெஸை அஞ்சஞ்சா இறக்கிக்கிட்டே வந்தேன், கோடு மெலிஞ்சு மெலிஞ்சு போயிடுச்சு, போன உடனே கன்னத்துல இருந்த சின்னச் சின்ன சுருக்கமெல்லாம் தெரிய ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் அந்த சுருக்கம் இருந்ததே தெரியாது. சில டிவில 0 சரியா இருக்கும், சோனி மாதிரி சிலதுல நடுவுல இருக்கற 50தான் எதுவும் சேர்க்காத நிலை, அதுக்குக் கீழ போனா மங்கிடும். சப்டைட்டில் எழுத்து ஓரத்தைப் பாத்துக்கிட்டே மாத்துங்க, நல்லா தெரியும்.

பிரைட்னஸ்ங்கற பேரு ஒரு பெரிய குழப்பம். பல டிவில அது மொத்த வெளிச்சத்தை மாத்தாது, கறுப்பு எவ்ளோ கறுப்பா இருக்கணும்ங்கறதைத்தான் மாத்தும், வெளிச்சத்துக்கு பேக்லைட்னு தனியா இருக்கும். சோனி புது டிவில பிரைட்னஸ்தான் வெளிச்சம், கறுப்புக்கு பிளாக் லெவல்னு வேற ஒண்ணு. நான் பண்ணது இதான்: ராத்திரி, ஹால் லைட்டை அணைச்சுட்டு, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வர்ற அகலப் படம் ஒண்ணைப் போட்டு, அந்த பட்டை சாம்பல் ஆகற வரைக்கும் கறுப்பு அளவை ஏத்தி, அப்புறம் மறுபடி கறுப்பாகற வரைக்கும் மட்டும் இறக்கி அங்கயே நிறுத்திட்டேன். அதுக்கு மேல இறக்கினா கறுப்புச் சட்டை மடிப்பெல்லாம் ஒரே மசியாப் போயிடுது.

அப்புறம் பவர் சேவிங், ரூம் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி தானா மங்கறது, இந்த ரெண்டும் ராத்திரி சீன்ல படத்தை இருட்டடிச்சுடும், ஆஃப். பிக்சர் சைஸ்ல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் மாதிரி எது இருக்கோ அதைப் போடுங்க, இல்லன்னா பழைய டியூப் டிவி காலத்துப் பழக்கத்துல ஓரத்தை வெட்டி இழுத்துக் காட்டும், அதுலயே பாதி தெளிவு போயிடும்.

வெளிய இருந்து பாக்ஸோ கேம் கன்சோலோ மாட்டிருக்கீங்கன்னா எச்டிஎம்ஐ போர்ட் செட்டிங்கைக் கண்டிப்பா பாருங்க. சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனில என்ஹான்ஸ்டு ஃபார்மட், இது ஆன்ல இல்லன்னா 4கே எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் ரெண்டுமே நல்லா தெரியற மாதிரி வர்ற படம்) அந்த கேபிள்ல முழுசா வராது. இன்னொண்ணு, நீங்க மாத்தின செட்டிங் சாதா படத்துக்கு மட்டும்தான் சேவ் ஆகிருக்கும், எச்டிஆர், அதுலயே ஒரு வகையான டால்பி விஷன் ரெண்டுக்கும் அந்த மாதிரி படத்தை ஓட விட்டுட்டு தனித்தனியா மறுபடி பண்ணணும். இது தெரியாம நான் ஒரு மாசம், எச்டிஆர்ல மட்டும் ஏன் வழவழன்னு இருக்குன்னு குழம்பிட்டு இருந்தேன்.

ரூமையும் விட்டுடாதீங்க. திரைக்கு நேர் எதிர்ல ஜன்னலோ லைட்டோ இருந்தா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது. ஒரு 55 இஞ்ச் 4கே டிவிக்கு சுமார் ரெண்டு மீட்டர் தூரம் நல்லா இருக்கும், நாலு மீட்டர் தள்ளி உக்காந்தா 4கேக்கும் எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறதே கஷ்டம். டிவிக்குப் பின்னாடி சுவத்துல மெலிசா ஒரு வெள்ளை லைட் வச்சா, அதுவும் 6500 கெல்வின்ல கிடைச்சா, கண்ணு வலிக்காது, கறுப்பு இன்னும் ஆழமா தெரியும்.

சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அப்புறம் ஒருதடவை எல்லாத்தையும் சரிபார்த்துடுங்க, சிலசமயம் பழையபடி மாறிடும். நேத்து ராத்திரிகூட எங்க டிவிக்கு ஒண்ணு வந்துச்சு, முடிஞ்ச உடனே போய்ப் பாத்தேன், மோட் அப்படியேதான் இருந்துச்சு, மோஷன் மட்டும் மறுபடி ஆன் ஆகியிருந்துச்சு.