கல்லைத் தொடும் முன் ஐ.என்.ஆர் இறங்க வேண்டும்

அப்பாவுக்குப் பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை. கீழ்ப்பாக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி-க்கு நாள் குறித்தாயிற்று, ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர் 2.4 என்று வந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு அது, ஏற ஏற உறைவது தாமதம். 1-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. நாளத்தின் வாயைக் கீறித்தான் கல்லை எடுப்பார்கள், ரத்தம் நிற்காமல் போனால் வம்பு என்று தள்ளிவைத்துவிட்டார்கள். "லிவரே போயிடுச்சா டாக்டர்?" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

இல்லை என்றார் டாக்டர். ரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. காரணிகள் என்று எண் போட்டுச் சொல்லும் அந்தப் புரதங்களில் 2, 7, 9, 10 என்ற நான்குக்கு மட்டும் கடைசியில் வைட்டமின் கே வேண்டும், அது இல்லாவிட்டால் கால்சியத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாமலே அவை ரத்தத்துக்கு வந்துவிடும், வந்தும் பிரயோஜனமில்லை. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, குடல் அதை உறிஞ்சப் பித்தநீர் வேண்டும், பித்தநீரோ கல்லுக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கிறது. அயனாவரத்தில் எங்கள் வாசலுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் அம்மா கட்டுக்கட்டாய் வாங்கிச் சமைத்ததெல்லாம் இதனால்தான் வீண்!

ஆகவே நரம்பில் மெதுவாக வைட்டமின் கே ஊசி. 7-ஆம் காரணியின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 6 மணி நேரம்தான், முதலில் குறைவதும் அதுதான், அதனால் பலன் சீக்கிரமே தெரியும் என்றார்கள். மறுநாள் பார்த்தால் 2.2. டாக்டர் நம்பவில்லை. நீல மூடி டியூபில் கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பாவிட்டால் ரத்தம் உறையாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் சிட்ரேட் அதிகமாகி அளவு பொய்யாக ஏறுமாம், இவர்கள் பாதிதான் எடுத்திருக்கிறார்கள். திரும்ப எடுத்ததில் 1.3. (டியூப் கோடு வரை நிரம்புகிறதா என்று நீங்களும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

பக்கத்துக் கட்டிலில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போன நோயாளி. அவருக்கும் அதே ஊசி, ஐ.என்.ஆர் அசையவே இல்லை, ஏனென்றால் அங்கே புரதம் தயாரிக்கும் செல்களே கெட்டுவிட்டன. இதில் விசித்திரம், ரத்தம் உறையாது என்று பயந்துகொண்டிருந்தவருக்குக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் நாளத்தில் ரத்தம் உறைந்திருந்தது. உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் கல்லீரல்தான் செய்கிறது, அவையும் சேர்ந்தே குறைந்துவிடும் என்று டியூட்டி டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அப்பாவுக்குக் கல்லை எடுத்தாயிற்று. அடுத்து பித்தப்பை அறுவைச் சிகிச்சை, அதற்கும் முன்னால் ஐ.என்.ஆர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.